பத்தொன்பது புள்ளி இரண்டு

எங்கள் லேபில் டீ பந்தயம் என்று ஒரு பழக்கம் இருந்தது. சோதனைக் குழாயில் நிறம் வந்ததும், மெஷினில் வைப்பதற்கு முன்னால், நானும் என்னோடு வேலை பார்ப்பவளும் ஆளுக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். மெஷின் காட்டும் எண்ணுக்கு யார் சொன்னது பக்கத்தில் இருக்கிறதோ அவள் ஜெயித்தவள். தோற்றவள் மாடிப்படி இறங்கி, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ரோட்டைக் கடந்து, பிளாஸ்கில் டீ வாங்கி வர வேண்டும். அந்த ரோட்டைக் கடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும். வேளச்சேரிக்குப் போகிற வண்டி எதுவும் மனுஷருக்காக நிற்பதில்லை.

நான் பெரும்பாலும் தோற்க மாட்டேன். பதினெட்டு வருடம் இந்தக் குழாய்களைப் பார்த்தே பழகிய கண். சர்க்கரை நூற்றெண்பது என்று நான் சொன்னால், மெஷின் நூற்று எழுபத்தெட்டு என்று ஒப்புக்கொள்ளும். அதில் எனக்குத் திமிர் உண்டு, மறைக்கவில்லை. யாராவது சந்தேகப்பட்டால் சுள்ளென்று கோபம் வரும். அந்தத் திமிர் என்னை விட்டுப் போனது ஒரே ஒரு நாள்தான். போகவே கூடாத நாளில் போனது.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் மெஷின் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் அளக்க வேண்டிய பொருளோடு சேர்ந்து நிறம் தருகிற ஒரு மருந்தைக் கலப்போம். பொருள் அதிகம் என்றால் நிறம் அடர்த்தி, குறைவு என்றால் வெளிறல். மெஷின் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தை அனுப்பும். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். நடுவில் கரைசல் உறிஞ்சிக்கொண்ட வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்லும். இரண்டு மடங்கு அடர்த்தி என்றால் உறிஞ்சல் கணக்கும் இரண்டு மடங்கு. வரைபடத்தில் போட்டால் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு வரும்.

தாம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது இது ஐந்து மார்க் கேள்வி. விதியை எழுதினால் மூன்று மார்க். கடைசியில் ‘நீர்த்த கரைசல்களுக்கு மட்டுமே பொருந்தும்’ என்று ஒரு வரி சேர்த்தால் மீதி இரண்டு. நான் எழுதினேன், ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அடர்த்தியான கரைசலில் அந்த விதிக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. மார்க் வந்த பிறகு எதற்குக் கேட்பது?

அது மே மாதம். மதியம் மூன்று மணி, லேபில் ஏசி இருந்தும் கழுத்து நசநசத்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் நர்சிங் ஹோமிலிருந்து ஒரு குழந்தையின் ரத்தம் வந்தது. பிறந்து நான்கு நாள், ஆண் குழந்தை. மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் என்பதால் குழாயின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் கரைந்துபோகும் என்று நர்ஸ் குழாயைக் கார்பன் பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்தார். கொண்டுவந்தது குழந்தையின் அப்பாவே. முப்பது வயது இருக்கும். தாம்பரம், வேளச்சேரி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கவுன்ட்டரைப் பிடித்தபடி நின்றார்.

“இன்னா கா, எவ்ளோ நேரம் ஆவும்? இத காட்டிட்டா வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு டாக்டரம்மா சொல்லிகிறாங்க.”

“அரை மணி நேரம்” என்றேன்.

ரத்தத்தைச் சுழற்றி மேலே தெளிந்த நீரை எடுத்தேன். மஞ்சள் என்று சொல்ல முடியாது, நல்லெண்ணெய் மாதிரி இருந்தது. மருந்தைக் கலந்து ஐந்து நிமிடம் வைத்ததும் குழாயில் நாவல்பழ நிறம் திரண்டது. என்னோடு வேலை பார்ப்பவள் எட்டிப் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் ஓயாது.

“பத்தொம்பது” என்றாள்.

“இருபத்தஞ்சுக்கு மேல” என்றேன்.

பட்டனை அழுத்தினேன். மெஷின் உறிஞ்சிக் குடித்துவிட்டு யோசித்தது. பத்தொன்பது புள்ளி இரண்டு.

அவள் கைதட்டிச் சிரித்தாள். “அக்கா, அதான் போன வாரம் கண்ணாடி எழுதிக் குடுத்தாங்கல்ல? போட்டுக்கோங்க.”

வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. முந்தைய வாரம்தான் எனக்கு முதல்முதலாக வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்காமல் சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கண் போய்விட்டது, இனி மெஷின் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான் என்று எனக்குள் ஒரு சோர்வு. இருபதைத் தாண்டினால் மெஷின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும், அதன் அளவு எல்லை அதுதான். பத்தொன்பதுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன், பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

டீக்கடையில் நான் நிற்கும்போதே அந்த அப்பா ரிப்போர்ட்டோடு வந்தார். ஒரு டீயை வாங்கி மடக்கென்று குடித்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“பத்தொம்போதாம் கா. ஜாஸ்தியா அது?”

ரிசல்ட்டுக்கு அர்த்தம் சொல்வது எங்கள் வேலை இல்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. “பச்சக் குழந்தைக்கு வர்றதுதான். டாக்டர்கிட்ட காட்டுங்க. பயப்படாதீங்க” என்றேன்.

“புள்ள நல்லா தூங்கிகினு கீறான் கா. மொத ரெண்டு நாளு ஒரே பேஜாரு, கத்தி ஊரக் கூட்டிட்டான். காலைல இருந்து கம்முனு கீறான். பால் குடிக்கக்கூட எழுந்துக்கல.”

நான் சிரித்தேன். நல்ல பிள்ளை என்று வேறு சொன்னேன்.

மேலே வந்து, காத்திருந்த மற்ற ரத்தங்களை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தபடி, கழுவ வேண்டிய குழாய்களை ஒதுக்கினேன். மெஷின் குடித்தது போக மீதிக் கரைசல் அந்தக் குழாயில் இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பழக்க தோஷம்தான், எதையும் நினைத்துச் செய்யவில்லை. கத்திரி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் குழாய்க்குப் பின்னால் இருந்த என் விரல் தெரியவில்லை. பக்கத்தில், மெஷின் சரியாக இருக்கிறதா என்று தினமும் ஒப்பிட்டுப் பார்க்கிற, அளவு தெரிந்த கரைசல் உள்ள குழாய் இருந்தது. அதை எடுத்துப் பிடித்தேன். விரல் தெரிந்தது, விரல் ரேகைகூடத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிச்சமே மறுபக்கம் வந்து சேரவில்லை என்றால் மெஷின் எதை அளக்கும்? ஓரளவுக்கு மேல் அடர்த்தியாகிவிட்டால் அந்த நேர்க்கோடு வளைந்து படுத்துவிடும். அதற்கப்புறம் இருபத்தைந்தும் ஒன்றுதான், முப்பதும் ஒன்றுதான், எல்லாம் பத்தொன்பது மாதிரியே தெரியும். எல்லையைத் தாண்டிய எண் எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் நட்சத்திரம் எங்கிருந்து வரும்? காலையிலிருந்து பால் குடிக்க எழுந்திருக்கவில்லை என்று அவர் சொன்னதும் அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

குழந்தையின் ரத்தநீர் இன்னும் ஒரு சொட்டுக்குக் குறைவாகக் குழாயின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை போடலாம். சிந்தினால் போச்சு. உறிஞ்சுகுழாயை இரண்டு தடவை எடுத்துக் கீழே வைத்தேன். “நீங்க தள்ளுங்க, நான் எடுக்கறேன்” என்று வந்தவளை, “கிட்ட வராதே” என்று கத்திவிட்டேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு? மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதி ரத்தநீர், பாதி உப்பு நீர் என்று கலந்தேன். மருந்தை ஊற்றினேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை நான் சுவர்க் கடிகாரத்தோடு சண்டை போட்டுக் கழித்தேன்.

இந்த முறை கரைசல் இளஞ்சிவப்பாக, கண்ணுக்கு மரியாதையாக இருந்தது. விரல் தெரிந்தது. அவள் பந்தயம் கட்டவில்லை. பட்டனை அழுத்தினேன். பதினான்கு புள்ளி ஒன்று. பாதியாக நீர்த்தது, ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும்.

“இருபத்தெட்டு” என்றாள் அவள்.

நர்சிங் ஹோமுக்கு போன் போட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண், “அவங்க கிளம்பி கால் மணி நேரம் ஆச்சே மேடம். ரிப்போர்ட் பாத்துட்டு டாக்டர் நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க” என்றாள். டாக்டர் கீழ்க்கட்டளையில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்குப் போய்விட்டார். ரிஜிஸ்டரில் இருந்தது குழந்தையின் அம்மாவுடைய நம்பர். ஸ்விட்ச் ஆஃப். டாக்டரை நான்கு தடவை கூப்பிட்டேன், ஐந்தாவது தடவை எடுத்தார்.

“எவ்வளவு?”

“இருபத்தெட்டு மேடம்.”

“பத்தொம்பதுன்னு போட்டிருந்தீங்களே?”

“டைல்யூட் பண்ணாம போட்டுட்டேன். என் மிஸ்டேக் மேடம்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “குழந்தை எப்படி இருக்கு?” என்று கேட்டார். தூங்கிக்கொண்டே இருக்கிறதாம், காலையிலிருந்து பால் குடிக்கவில்லையாம் என்றேன். தன்னிடம் அதை யாரும் சொல்லவில்லை என்றார். அதன் பிறகு அவர் வேகமாகப் பேசினார். “மூளைக்குப் போயிடும். முதல்ல காது அடிபடும். ரத்தம் மாத்தணும், இன்னிக்கே, இப்பவே. சிட்டிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில நான் பேசி வைக்கறேன். அவங்களைப் பிடிங்க. குழந்தையைத் தூங்க விடாதீங்க.”

பிடிங்க என்றால் எங்கே பிடிப்பது? வழக்கமாகப் பிரசவம் முடிந்து போகிற மாதிரி பெண்ணின் அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள். அது எங்கே என்று லேபுக்குத் தெரியாது. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜங்ஷன் ஸ்டாண்டில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவரிடம், குழந்தை பிறந்திருக்கிறதே அந்த டிரைவர் என்று தொடங்கினேன். மூச்சு வாங்கியதில் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

“நம்ம மச்சானா? பொழிச்சலூருக்குப் போறான் கா. மாமியா வூடு. இன்னா ஆச்சு?”

“குழந்தைக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி போகணும்.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. போன் போட்டார், மணி அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான் என்றார். பிறகு தங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் மெசேஜ் போட்டார். “டேய், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் சைடு யார்னா கீறீங்களா? நம்ம மச்சான் வண்டி வந்தா மடக்குங்கடா. பொழிச்சலூர் போய்கினு கீறான். மடக்கி நிறுத்திட்டு எனக்கு போன் போடு. ஒடனே.” என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பிவிட்டேன். கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது லேப் ஓனர் கூப்பிட்டார். அதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“தப்புன்னு வாயத் திறந்துடாதம்மா. சாம்பிள் சரியில்ல, ரிப்பீட் எடுக்கணும்னு மட்டும் சொல்லு. நாளைக்குக் கேஸ் கீஸுன்னு வந்தா யாரு நிக்கறது?”

“சரி சார்” என்று சொல்லி வைத்தேன். சிக்னல் விழுந்துவிட்டது, வாதாட நேரமில்லை. அதோடு, உள்ளுக்குள் எனக்கும் அது வசதியாக இருந்தது. டாக்டரிடம் ஒப்புக்கொள்வது சுலபம், அவரும் நானும் ஒரே பாஷை பேசுகிறவர்கள். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் போய் அதை எந்தப் பாஷையில் சொல்வது?

ஜிஎஸ்டி ரோட்டில் எத்தனை பேரை அன்றைக்குத் திட்டினேன் என்று கணக்கில்லை. குரோம்பேட்டை தாண்டும்போது ஸ்டாண்ட் டிரைவர் கூப்பிட்டார். “பம்மல் மெயின் ரோட்டுல, பெட்ரோல் பங்க் தாண்டி, புடிச்சிட்டாங்க கா. அவன் கோவமா கீறான். சீக்கிரம் போ.”

அவருடைய ஆட்டோவுக்குக் குறுக்கே இன்னொரு ஆட்டோ நின்றது. அவர் இறங்கி அந்த டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் அவருடைய மனைவி, மடியில் துண்டு சுற்றிய குழந்தை, பக்கத்தில் இரண்டு பை. என்னைப் பார்த்ததும் அவர், “இன்னா கா, நீ எங்க இங்க?” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓனர் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். “சாம்பிள் கொஞ்சம் சரியில்ல. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நல்லது.”

“அதுக்கா ரோட்ல மடக்கினீங்க? நாளைக்குத்தான் வரச் சொல்லிகிறாங்களே, எட்டாந்து காட்றேன் கா. நல்ல நேரம் போவுது, அஞ்சுக்குள்ள வூட்டுக்குள்ள பூந்துரணும்.” வண்டியில் ஏறப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. அங்கே விமானங்கள் வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரிதான் போகும். பேச்சு எல்லாம் அடங்கி நின்றுவிடும். அந்த அம்மா தன் காதைத் தோளோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டாள். நான் குழந்தையைப் பார்த்தேன். இமைகூட அசையவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பாத்திரம் விழுந்தாலே உடம்பு தூக்கிப் போடும். இது துணி மூட்டை மாதிரி கிடந்தது.

சத்தம் அடங்கியதும் நான் சொன்னேன். கத்தியே சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பங்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சாம்பிள் நல்லாத்தான் இருந்தது. நான்தான் தப்பா அளந்துட்டேன். பத்தொம்பது இல்ல, இருபத்தெட்டு. மஞ்சள் ரொம்ப அதிகமா இருந்ததால மெஷினால பாக்க முடியல. நான் அதைக் கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். குழந்தை நல்லபடியா தூங்கல, மயக்கத்துல இருக்கு. இப்பவே ரத்தம் மாத்தலேன்னா மூளையைப் பாதிக்கும். டாக்டரம்மா ஆஸ்பத்திரியில பேசிட்டாங்க. கிளம்புங்க.”

அவர் ஆட்டோவின் முன்பக்கம் செருகியிருந்த ரிப்போர்ட்டை உருவினார். “பத்தொம்போதுன்னு நீதான எய்தின? டீக்கடைல வெச்சி பயப்படாதன்னு நீதான கா சொன்ன?”

“நான்தான்.”

கை ஓங்கினார். அடித்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். ஓங்கிய கை அப்படியே இறங்கி ஆட்டோவின் மேல்கம்பியில் அறைந்தது. மனைவி ஒரு சத்தமும் இல்லாமல் அழ ஆரம்பித்தாள். குறுக்கே நின்ற ஆட்டோ தானாக விலகி வழிவிட்டது. ஸ்கூட்டியைப் பங்க் ஓரத்தில் விட்டுவிட்டு நானும் பின்சீட்டில் ஏறினேன். யாரும் ஏறச் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை.

பம்மலிலிருந்து நகரத்துக்குள் போய்ச் சேரும்வரை குழந்தையின் பாதத்தை என் விரலால் சுண்டிக்கொண்டே இருந்தேன். டாக்டர் சொன்னது அதுதான், தூங்க விடக் கூடாது. சுண்டினால் முகத்தைச் சுளிக்கும், மெல்லிசாக ஒரு கீச்சுக் குரல் வரும், மறுபடி கண் செருகும். குதிகாலில் ரத்தம் எடுக்கக் குத்திய இடத்தில் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதன் மேல் படாமல் சுண்டினேன். முன்னால் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். அங்கேயும் முதலில் ரத்தம் எடுத்தார்கள், இன்னொரு லேபின் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. குழந்தையை நீல வெளிச்சத்துக்கு அடியில் படுக்க வைத்தார்கள். அந்த மஞ்சள் பொருள் நீல வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சியதும் உடைந்து வெளியேறத் தொடங்கும். எங்கள் மெஷினுக்குள் நடக்கிற அதே காரியம்தான், இங்கே அது வைத்தியம். கண்ணைக் கட்டிவிட்டு, டயப்பர் மட்டும் போட்டு, நீலத்தில் மூழ்கிக் கிடந்த குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்களுடைய எண் வரும்வரை ஒரே வேண்டுதல்தான்: நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும். பத்தொன்பது என்றே வரட்டும், அத்தனை பேரையும் அலைக்கழித்த பைத்தியக்காரி என்று வேலை போனாலும் போகட்டும். பதினெட்டு வருடத்தில் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இருபத்தெட்டு புள்ளி ஒன்பது என்று வந்தது. ஒரு நர்ஸ் வெளியே வந்து, ரத்தம் மாற்ற அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ போ கா” என்றார். கோபமா, வேறு ஏதாவதா, என்னால் படிக்க முடியவில்லை. போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. லேப் வேலை அப்படித்தான். எங்களிடம் ரத்தம் வரும், நாங்கள் எண்ணைக் கொடுப்போம், அந்த மனுஷருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்று மட்டும் டாக்டர் ஒருமுறை போனில் சொன்னார். காது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். ஜங்ஷனில் அவருடைய ஆட்டோவைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கக் கடையில் எதையோ விலை கேட்கிற மாதிரி திரும்பி நின்றுகொள்வேன். ஓனர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பழையபடி பேசினார். டீ பந்தயம் நின்றுவிட்டது. நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். பச்சைக் குழந்தைகளின் ரத்தம் வந்தால், எண் என்னவாக இருந்தாலும், நீர்க்கவைத்து இன்னொரு தடவை போட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவர் லேபுக்கு வந்தார். தோளில் குழந்தை. கொழுகொழு என்று, கன்னத்தில் கறுப்புப் பொட்டோடு. என்னோடு வேலை பார்ப்பவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவர் ஒரு காகிதத்தைக் கவுன்ட்டரில் வைத்தார்.

“காது டெஸ்ட்டு எடுத்தாங்க கா. இங்கிலீஷ்ல கீது. பட்ச்சி சொல்லு.”

அவருக்கு ஏற்கனவே தெரியும். டாக்டர் சொல்லாமலா அனுப்பியிருப்பார்? எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, இரண்டு தடவை படித்தேன்.

“வலது காது நல்லா இருக்கு” என்றேன்.

“ம்.”

“இடது காது கேக்கறது குறைவா இருக்கு.” என் குரலே எனக்குக் கேட்கவில்லை. “ரொம்பக் குறைவா இருக்கு.”

“அதான் சொன்னாங்க.”

“அன்னிக்கு நான்...” என்று தொடங்கினேன். நான் தாமதித்த அந்த ஒரு மணி நேரத்தால் வந்ததா, அதற்கு முன்னால் இரண்டு நாளாக ஏறிக்கொண்டிருந்ததால் வந்ததா, பிறவியிலேயே அப்படியா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் தானே அதைக் கேட்டதாகவும், டாக்டருக்கும் தெரியவில்லை என்றும் குழந்தையின் அப்பாவே சொன்னார்.

“எனுக்கும் இந்தக் காது மந்தம்தான் கா. இஞ்சின் சத்தம். ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு அப்டிதான். ஒரு காத வெச்சிகினுதான் ஓட்டிகினு கீறோம்.” குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “நீ வரலன்னா இவன் இல்ல. அத நா மறக்கல. பத்தொம்போதுன்னு எய்தினதையும் மறக்கல. ரெண்டும் கீது. இன்னா பண்றது?”

நான் அழுதேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். மன்னிப்புக் கேட்டால் அவர் சரி விடு கா என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதனால் கேட்கவில்லை.

கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்தேன். குழந்தையின் வலது பக்கம் போய் நின்று நாக்கால் மெதுவாகச் சொடுக்கினேன். உடனே திரும்பினான். என்னைப் பார்த்து, முழு ஈறும் தெரியச் சிரித்தான். இன்னொரு தடவை சொடுக்கினேன், இன்னொரு தடவை சிரித்தான். இடது பக்கம் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.